சஹனில் காய்ந்த களிமண்

ஆசிரியர் நியமனம் கிடைத்த முதல் வருடம், சாய்ந்தமருதில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுத்தேன். வற்றிய குளத்தடி ஏன் ஓடு ஓடாக வெடிக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்து, இறக்காமத்தில் எங்கள் வயலுக்குப் போன கணவரிடம் ஒரு பை களிமண் கொண்டுவரச் சொன்னேன். கரைத்து ஊற்ற அகலமான பாத்திரம் தேடினேன். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் உம்மாவின் பெரிய தட்டு, சஹன்தான் அகப்பட்டது. வீட்டு வளவில் வெயிலுக்கு வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது உம்மா கிணற்றடியில் நின்றார்.

“சோறு திங்கிற சஹன்ல சேத்த ஊத்தி வெச்சிரிக்காய்,” என்றார். அவ்வளவுதான். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் களி வெடித்தது. ஒரு கீறல் ஓடிப்போய் இன்னொன்றில் நேராக முட்டி நின்றது. துண்டுகள் பெரும்பாலும் நாலு மூலை. பாடத்துக்கு அது போதும். வகுப்பில் காட்டிவிட்டுக் கழுவுவதற்காகக் கொண்டுவந்து வைத்தேன். உம்மாவோ அதில் தண்ணீர் தெளித்து மறுபடி வெயிலில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, மழை ஒரு தரம் மட்டுமா பெய்யும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பிறகு அது அவருடைய வேலையாயிற்று. நனைப்பார், காயவிடுவார், நண்பகல் லுஹர் தொழுததும் வந்து குனிந்து பார்ப்பார். நனைந்த களியின் மணம் அடுப்படி வரை வரும். முதல் மழைக்கு இப்போதும் எனக்கு அந்த வளவுதான் ஞாபகம் வருகிறது. பத்துப் பன்னிரண்டு தடவை காய்ந்திருக்கும்; ஒரு நாள் என்னை உடுப்பு மாற்றவும் விடாமல் இழுத்துப்போனார்.

“மூலையப் பாரு மகள். முட்டி நிண்டதெல்லாம் இப்ப மூண்டாப் பிரிஞ்சிரிக்கி.”

உண்மைதான். ஒவ்வொரு தடவையும் வெடிப்புகள் வேறு வரிசையில் திறக்க, அவை சேரும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, மூன்று பக்க இழுவையும் சமமாகும் இடத்தில் நின்றிருந்தது. பல துண்டுகள் ஆறு மூலையாகியிருந்தன. பல்கலைக்கழகத்தில் படித்ததுதான், கண்ணால் கண்டது அன்றுதான்.

அந்தக் கோடையில் உம்மாவும் கணவரும் நானும் இறக்காமத்துக்குப் போனோம். வற்றிய குளத்தடியில் உம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். எத்தனையோ காலம் நனைந்து காய்ந்த மண். பார்க்கும் இடமெல்லாம் ஆறு மூலைகள். சின்ன வயதிலிருந்து வந்துபோன இடம், ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லையே என்று மட்டும் சொன்னார்.

அதன் பின் ஒவ்வொரு கோடையும் போனோம். உம்மாவுக்கு முழங்கால் இயலாமல் போனதிலிருந்து நான் தனியே போகிறேன். இந்த வருடம் அங்கிருந்து வீடியோ அழைப்பு எடுத்து, குளக்கட்டையும் கொக்குகளையும் காட்டினேன்.

“அதெல்லாம் வேணா. போனக் கீழ புடி,” என்றார்.

குந்தியிருந்து பிடித்தேன். முதுகில் வெயில் சுட்டது. அவர் போதும் என்று சொல்லும்வரை அசையவில்லை.