ஆர்ஸேனின் தங்கச் சுவர்

எங்கள் ஊர்க் குகையில் தங்கம் இருப்பதாக உலகத்தில் நம்பிய ஒரே ஆள், அதன் வழிகாட்டி ஆர்ஸேன் பிரோத். கல்குவாரியில் முதுகு போனவர். பேரூராட்சி இரக்கப்பட்டு இந்த வேலையைக் கொடுத்தது. முதுகு போனவருக்கு, குனிந்தே நடக்கவேண்டிய குகையில் வேலை. எங்கள் பேரூராட்சியின் இரக்கம் அப்படி.

சுண்ணாம்புத் தொங்கல்களைக் கடந்து கடைசி அறைக்கு வந்ததும், ஒரு மங்கல் விளக்கைச் சுவர்மேல் திருப்புவார். சுவர் பொன்னாய் மினுங்கும். "யாரும் சுரண்டாத தங்கம்!" என்பார். கூட்டம் வாய்பிளக்கும். அதைப் பார்க்கத்தான் அவர் காலையில் எழுந்தார்.

நான் வாசலில் சீட்டுக் கிழித்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரிக்கு, அதுவும் நுண்ணுயிரியல் படித்தவளுக்கு, ஆர்தென் காட்டில் வேறென்ன கிடைக்கும்?

நான் படித்த லியேஜ் பல்கலைக்கழகத்திலிருந்து டெல்ஃபின் என்ற ஆய்வாளர் வந்தார். பஞ்சுக் குச்சியால் சுவரைத் தொட்டெடுத்தார். மினுங்குவது பாக்டீரியாக் கூட்டம், அதன்மேல் நீர் ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கிறது என்றார். வெளிச்சத்தை மட்டும் கூட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கேட்டியாம்மா, கிருமியாம்! என் சுவத்துக்குச் சளி பிடிச்சிருக்காம்!"

"அவங்க சொன்னது சரிதான், ஆர்ஸேன்."

"நீயும் அங்க படிச்சவதானே. வேற எப்படிப் பேசுவ?"

குளிர்காலம் முழுக்க மூடியிருந்த குகையின் ஈஸ்டர் திறப்புக்கு அவருடைய பதில் தயாராக இருந்தது: கால்பந்துத் திடலில் கழற்றிப்போட்ட ராட்சத விளக்கு. தங்கத்துக்கு வெளிச்சத்தைக் கண்டு என்ன பயம்? சுவர் தகதகத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பட்டம் எனக்கு அதையாவது கற்றுத்தந்திருந்தது.

ஆகஸ்டில் சுவர் பச்சையானது. அந்த விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த பாசி, தட்டில் மறந்துபோன கீரைபோல. பார்க்க வந்தவர்களில் ஒருவர் மூக்கைப் பொத்தினார். அன்று மதியம் ஆர்ஸேன் வறுத்த உருளைக்கிழங்குப் பொட்டலத்தைப் பிரிக்காமலே என் மேசையில் வைத்தார்.

"எல்லாம் போச்சாம்மா?"

"ஓரத்துல கொஞ்சம் இருக்கு. இருட்டுல விட்டாப் பிழைக்கலாம்."

"பிழைக்குமா, பிழைக்காதா? அஞ்சு வருசம் படிச்சிருக்கியே!"

"தெரியல."

அப்போதுதான் அவர் முதன்முறையாக என்னை நம்பினார். விளக்கைத் தானே கழற்றிச் சுமந்து வெளியே வந்தார், அந்த முதுகோடு.

எங்கள் பக்கத்து வழிகாட்டிகள் ஏதாவது ஓரிடத்தில் விளக்கணைத்து, குகையின் இருட்டைக் கொஞ்சம் காட்டுவது வழக்கம். ஆர்ஸேன் அதைக் கடைசி அறைக்கு மாற்றினார். மாற்றியவர் அங்கே மறுபடி விளக்கே போடவில்லை. மின்கட்டணம் குறைந்ததற்குப் பேரூராட்சி அவரைப் பாராட்டியது. சுவர் என்ன ஆனதென்று ஒருவரும் கேட்கவில்லை.

போன ஞாயிறு நானும் உள்ளே போனேன். நமூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் மொபைலை எடுத்தார்.

"அதை உள்ள வைங்க மதாம்! வெளிச்சம் பட்டாச் செத்துடும்."

"எது?"

"கிருமி."

"அதைப் பாக்கவா காசு குடுத்தோம்? இருக்கான்னாவது தெரியுமா?"

"எங்களுக்கும்தான் தெரியல," என்றார் ஆர்ஸேன் இருட்டுக்குள்ளிருந்து. "நாங்க நிக்கலையா?"