ரேகா களைக்கவில்லை, அதனால்...

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, புனேயில் மகர்பட்டா பக்கத்து டர்ஃப் மைதானத்துக்கு வந்தவர்கள்: நான், கார்த்திக், ஜெபின், ரேகா. வராதவர்: ஸ்நேகல் தாயி.

தாயி என்றால் மராத்தியில் அக்கா. பிசியோதெரபிஸ்ட். எங்கள் ஆபீஸ் ஃபுட்பால் டீமுக்குப் பயிற்சி தருபவர். அன்று அவருக்கு சாத்தாராவில் ஒரு கல்யாணம்.

தாயி இருந்தால் முதல் பதினைந்து நிமிடம் பந்தைத் தொட முடியாது. ஒற்றைக்காலில் குதி, முழங்கால் உள்ளே சாயாமல் இறங்கு, ஓடி நில், திரும்பு... ரேகாவுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா ஒரு ரவுண்டு.

ரேகா சேலத்துக்காரர். டீமின் ஒரே பெண். அடுத்த ஞாயிறு செமி ஃபைனல். மிக்ஸட் போட்டி — ஒரு பெண்ணாவது களத்தில் இல்லாவிட்டால் டீமே கிடையாது.

“தாயிதான் இல்லீங்களே... வேற ஏதாச்சும் பண்ணலாங்க” என்றான் கோயம்புத்தூர் கார்த்திக். சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காரும் போட்டி!

முதலில் விழுந்தது கார்த்திக். வாரம் ஐந்து நாள் ஜிம்முக்குப் போகிறவன். அப்புறம் நான். ஜெபின் பல்லைக் கடித்துப் பார்த்தான்... அவனும் தரைக்கு வந்தான். ரேகா? போனில் அம்மாவிடம் ரசப்பொடி அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க ரேகா, காலு நடுங்கலீங்களா?”

“நடுங்குது. அதுக்கென்ன? நீங்க போய் தண்ணி குடிங்க, பாவம்.”

மனசாரக் கைதட்டினோம். பிறகு செய்தோம் பாருங்கள் ஒரு புத்திசாலித்தனம்... “இவங்களுக்கெல்லாம் எதுக்குடா வார்ம்-அப்?” என்றேன். ஆமாம், நான்தான். நேராக ஆட்டம்.

பத்தாவது நிமிடம் உயரமாக வந்த பந்துக்கு எகிறினார் ரேகா. ஒற்றைக்காலில் இறங்கித் திரும்பினார். முழங்கால் உள்ளே மடங்கியது. கத்தவில்லை. “செமி ஃபைனல்...” என்று மட்டும் சொன்னார்.

தாயிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னோம். “அரே பாபா, அவ தொடைய நம்பி முட்டிய விட்டுட்டீங்களே!” என்று இந்தியில் வெடித்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். புரியாவிட்டால் வெட்கப்படாமல் கேட்டே பழக்கம். கேட்டேன். ஒரே நிலையில் தாக்குப்பிடிக்கும்போது பெண்களின் தசை பொதுவாக மெதுவாகத்தான் களைக்குமாம். ஆனால் குதித்துத் திரும்பும் ஆட்டங்களில் முழங்கால் லிகமென்ட் கிழியும் ஆபத்து அவர்களுக்கு அதிகமாம். சரியாக இறங்கப் பழகினால் அது குறையும் — அதற்குத்தான் அந்த எக்ஸ்ட்ரா ரவுண்டு.

எவ்வளவு நாள் அதைக் கிண்டல் செய்திருக்கிறோம்!

நல்லவேளை, ஸ்கேனில் கிழிசல் இல்லை. சுளுக்கு. மூன்று வாரம் ரெஸ்ட். செமி ஃபைனலில் ஆடாமலே வெளியேறினோம்.

ரேகா எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஹிஞ்சேவாடி டிராஃபிக்கில் கம்பெனி கேப் நிற்கும்போதெல்லாம் காலை நீட்டித் தொடையை இறுக்கி, பத்து எண்ணித் தளர்த்துவார். நாலாவது நாளிலிருந்து டிரைவரே மராத்தியில் எண்ணிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

யாருக்குப் பலம் அதிகம் என்று வாழ்க்கை முழுக்கச் சண்டை போடுகிறோமே... யாருக்கு எங்கே கவனம் வேண்டும் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா?

போன ஞாயிறு ரேகா மைதானத்துக்குத் திரும்பினார். எக்ஸ்ட்ரா ரவுண்டில் இப்போது நாங்களும் உண்டு. ஒற்றைக்காலில் நிற்க முடியாமல் தள்ளாடுவது ஆண்கள் மூன்று பேர்தான்.

ஸ்கேன், முழங்கால் உறை, ஆறு சிட்டிங் பிசியோ — அந்த மூன்று பேரும் பங்கு போட்டுக் கட்டியது பதினோராயிரத்து நானூறு ரூபாய்.