கறுப்புப் பாதையில் போன கணவர்

பிள்ளை பிறந்த பிறகு, ஹார்ஸ் மலையில் நீலக் குறியிட்ட சுலபமான பாதையில் மட்டுமே சைக்கிள் ஓட்டுவேன் என்று என் கணவர் சத்தியம் செய்திருந்தார்.

இன்று பிள்ளையோடு நானும் போனேன். அடிவாரத்தில் அவருடைய நண்பர், “அக்கா, அண்ணை போன கிழமை கறுப்புப் பாதையிலை பாய்ஞ்ச வீடியோ பாத்தனீங்களோ? அதுதான் இஞ்சை ஆக ஆபத்தானது!” என்று போனை நீட்டினார்.

என் கணவர் அதை எனக்கு மட்டும் தெரியாதபடி பதிவிட்டிருக்கிறார்.

“நீர் பயப்பிடுவீர் எண்டுதான் சொல்லேல்லையப்பா,” என்றார் கணவர்.

அங்கே விழுந்ததில் வந்த முழங்கைக் காயத்துக்குத்தான், படியில் வழுக்கியது என்று அவர் சொன்னதை நம்பி, கிழமை முழுக்க மருந்து போட்டேன்.

வீடியோவுக்குக் கீழே இதயம் போட்டவர்களில் என் தோழிகள் மூன்று பேர்.

அவரோடு நான் வீட்டில் பேசிக்கொள்கிறேன். என்னுடைய இந்தப் பதிவையும் படிப்பீர்கள்தானே, தோழிகளே? ஒருத்திக்குக்கூட எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா?