நோன்பு இருக்காத குஞ்சுகள்

"என் குஞ்சுகளை நோன்பு இருக்க விடமாட்டேன்" என்று ஸ்தாமெனா சொன்னபோது ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இரண்டு பக்கத்தையும் அவள் பொருட்படுத்தவில்லை.

செர்பியாவில் எங்கள் ஊரான ஸ்தாரா பாராவில் குளங்கள் கோயிலுக்குச் சொந்தம். தண்ணீரைக் குத்தகைக்கு எடுத்துக் கெண்டை வளர்த்தது ஸ்தாமெனா. தடித்த கைகள், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், காதருகே எப்போதும் ஒரு சிகரெட். பேச்சில் இனிப்பு கிடையாது. தீவன ஆலை மூடும்வரை அங்கே கலவைப் பிரிவில் வேலை பார்த்தவள். ஆலை போனதும், கோழிக்கும் பன்றிக்கும் கலந்து கொடுத்த அதே கணக்கை மீனுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று குளத்தில் இறங்கினாள்.

முதல் வருஷம் தோற்றாள். எங்கள் பக்கத்தில் பார்த்த இடமெல்லாம் சூரியகாந்தி, எண்ணெய் பிழிந்த புண்ணாக்கு மலிவு. மீன் குஞ்சுகளுக்கு அதையே கோதுமைத் தவிட்டோடு பிசைந்து போட்டாள். தின்றன. ஆனால் வளரவில்லை. இலையுதிர் காலத்தில் வலையில் எடுத்துப் பார்த்தால் விரல் நீளம்கூட இல்லை, வால் துடுப்பு எலி கடித்த துணிபோல ஓரம் நைந்து கிடந்தது. பனிக்கட்டி உருகிய மார்ச்சில் குளத்தின் மேல் வெள்ளையாக மிதந்தவற்றை அவளே வாளியில் அள்ளிப் புதைத்தாள். "பசியில சாகல. வயிறு நிறைய தின்னுட்டுத்தான் செத்துச்சுங்க," என்று அதைப் பற்றி ஒரே ஒருமுறை, செங்கல் சூளை வைத்திருந்த எங்கள் அப்பாவிடம் சொன்னாள்.

வயிறு நிறைந்தும் எப்படிச் சாகும் என்று யாராவது கேட்டால், முட்டைக்கோஸ் சுருளை வைத்து விளக்குவாள். அரைத்த இறைச்சி அண்டா நிறைய இருக்கட்டும், மடிக்க இலை இருபதுதான் என்றால் சுருளும் இருபதுதான். மிச்ச இறைச்சி நாய்க்கு. மீன் குஞ்சு சதை கட்டுவதும் அப்படியே. புரதம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது பல அமினோ அமிலங்களின் கூட்டு. அவற்றில் ஒன்று குறைந்தாலும் வளர்ச்சி அந்த இடத்தில் நின்றுவிடும். மிச்சமெல்லாம் கழிவாகத் தண்ணீரில் இறங்கி நாறும். சூரியகாந்திப் புண்ணாக்கில் மெத்தியோனின் என்ற அமிலம் தாராளம், லைசின் என்ற இன்னொன்று போதாது. பன்றி ரத்தத்தை உலர்த்திய தூளில் லைசின் கொட்டிக் கிடக்கிறது, மெத்தியோனின் குறைவு, ஐசோலூசின் இல்லவே இல்லை என்று சொல்லலாம். இரண்டையும் அளவாகச் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். ரத்தம் அளவு மீறினாலும் குஞ்சு நின்றுபோகும். அந்த அளவுதான் ஸ்தாமெனாவின் தொழில்.

இறைச்சிக் கூடத்துக்கு அவளே போவாள். தூளை விரலில் தேய்த்து முகர்ந்து, கறுத்திருந்தால், "இது கருகின சரக்கு, இதுல லைசின் செத்துப் போச்சு, உங்க வீட்டு ரோஜாவுக்குப் போடுங்க," என்று மூட்டையைத் திருப்பிவிடுவாள். செம்பழுப்பாக இருந்தால்தான் வண்டியில் ஏறும்.

நாலு வருஷம் கழித்து ஒரு கோடையில், லைசின் உள்ள இன்னொரு தீனியான சோயா பொய்த்துப்போயிருந்தது. விளைந்த கொஞ்சமும் வெளியூருக்குப் போனது. ஆகவே ரத்தத்தூளை விட்டால் குஞ்சுகளுக்கு வேறு வழி இல்லை. ஆகஸ்டில், கறி, முட்டை, பால், மீன் எல்லாம் விலக்கும் மாதா நோன்பு தொடங்கும் வாரத்தில், ஒப்ராத் குளக்கரைக்கு வந்தார்.

ஒப்ராத் கோயில் குழுவின் தலைவர். ஸ்தாமெனாவின் மகன் ஓக்னியெனுக்கு ஞானத் தகப்பனும் அவர்தான். அந்த உறவில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவர் "கூமோ" என்பார், இவள் "கூமே" என்பாள். இந்த உறவு முறிந்தால் ரத்த உறவு முறிந்ததைவிடக் கேவலம்.

"கூமோ, நகரத்துல ஒரு கடைக்காரர் பேசினார். டிசம்பர் நோன்புல வர்ற நிக்கோலா திருநாளுக்கு, எல்லா வீட்டுலயும் மீன்தானே, நம்ம குளத்து மீன் மொத்தத்தையும் எடுத்துக்கிறாராம். பொறந்ததுலேருந்து நோன்புத் தீனி மட்டுமே தின்ன மீனுன்னு கோயில் முத்திரை குத்தித் தரணுமாம். அவ்வளவுதான்."

ஸ்தாமெனா தீவனத் தட்டைத் தண்ணீரிலிருந்து தூக்கி, மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மீனுக்கு எப்போ ஞானஸ்நானம் குடுத்தீங்க? எனக்குச் சொல்லவே இல்லையே."

"விளையாடாத. அந்த ரத்த மூட்டைய நிறுத்திடு. இன்னிலேருந்து புண்ணாக்கு மட்டும். லைசின்தானே உனக்கு வேணும்? வெள்ளைப் பொடியா விக்கிறான், வாங்கிக் கலந்துக்க."

"பொடி தண்ணில கரைஞ்சு தவளைக்குப் போகும் கூமே. கெண்டைக்கு வயிறுன்னு தனியா கிடையாது, நாள் முழுக்கக் கொறிக்கும். பொடிய அதால புடிச்சு வச்சுக்க முடியாது. அப்புறம் ஒரு சந்தேகம். தண்ணிப்பூச்சி சைவமா?"

"என்ன பூச்சி?"

அவள் வலைச்சல்லடையைக் குளத்தில் ஒரு இழுப்பு இழுத்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். சல்லடையின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஆயிரம் துளிகள் துள்ளின. "குஞ்சுங்க முதல் நாளிலேருந்து இத்தத்தான் தின்னுது. உயிருள்ள கறி. இந்தாங்க சல்லடை. நோன்பு ஆரம்பிக்கறதுக்குள்ள குளம் முழுக்க வடிகட்டிருங்க. நான் சிகரெட் புடிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

ஒப்ராத் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, ஒத்துக்கிறேன். நீ ரத்தம் போடு. ஆனா இருட்டினப்புறம் போடு. பகல்ல புண்ணாக்கு. யாரு வந்து மீன் வயித்தக் கிழிச்சுப் பாக்கப் போறாங்க?"

அதுவரை அவள் குரலில் கேலிதான் இருந்தது. இப்போது சல்லடையைக் கீழே வைத்தாள்.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே. குஞ்சு என்ன தின்னா உங்களுக்கென்ன? உங்களுக்கு வேணுங்கறது பொய் சொல்ல ஒரு ஆள். திருநாள் அன்னிக்கு மெழுகுவத்தி ஏத்தி, அப்பம் வெட்டி, என் மீனத் தட்டுல வைக்கிறவங்க கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். இருட்டுல தீனி போட நான் என்ன திருட்டா பண்றேன்?"

மறுநாள் சாலையோரம் ஒரு பலகை முளைத்தது. தார் தொட்டு, கொட்டை எழுத்தில் அவளே எழுதியிருந்தாள்: இங்கே மீன் குஞ்சுகள் பன்றி ரத்தம் தின்று வளர்கின்றன. பெரிய மீன்கள் சோளம் தின்கின்றன. பிடித்தவர்கள் வாங்குங்கள்.

நோன்பின் முதல் நாள் கோயில் குழு தீவனக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டது. கொட்டகையும் கோயிலுடையது. வாசலில் சூரியகாந்திப் புண்ணாக்கு மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். ஸ்தாமெனா முந்தின மாலையே ரத்தத்தூளைத் தன் சமையலறைக்கு மாற்றியிருந்தாள். அவள் வீடு ஊரின் மறுகோடி. வயல் வழியாகப் போனால் யார் கண்ணிலும் படாது. அவளோ சைக்கிளின் பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு, பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும் நேரம் பார்த்து, கோயில் வாசல் வழியாக மணி அடித்துக்கொண்டே போனாள். ரத்த வாசனைக்குத் தெரு நாய்கள் எல்லாம் பின்னால் வரிசை கட்டின.

"ஸ்தாமெனா, ஊர்வலம் எங்க போகுது?" என்று ரொட்டிக்கடைக்காரி கேட்டாள்.

"குஞ்சுங்களுக்குச் சாப்பாட்டு நேரம்! நீயும் வரியா? நாய்க்குப் பின்னாடி இடம் இருக்கு."

தினமும் அதே நேரம், அதே வழி. சில வீடுகளில் ஜன்னலைச் சாத்தினார்கள். நிக்கோலா திருநாளுக்குச் சொல்லிவைத்திருந்த சில குடும்பங்கள் வேண்டாம் என்று ஆள் அனுப்பின. ஓக்னியென், "அம்மா, வயல் வழியா போயேன், என் மானம் போகுது," என்று கெஞ்சினான். "மானம் போகுதுன்னா நீ வயல் வழியா போ," என்றாள்.

குத்தகையைப் புதுப்பிப்பதா இல்லையா என்று முடிவெடுக்க, இயேசுவின் உருமாற்றத் திருநாளன்று குழு கூடியது. நோன்பின் நடுவே மீன் சாப்பிட அனுமதி உள்ள ஒரே நாள். பூசையில் திராட்சையை ஆசீர்வதித்துப் பங்கிட்ட பிறகு, முற்றத்து மரத்தடியில் விருந்து. மீன் குழம்பு வைக்கச் செர்பியர் கோயிலுக்கும் எங்கள் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா பாலிந்த், ஹங்கேரியர், கத்தோலிக்கர், எங்களுக்கு இந்த நோன்பு கிடையாது. பன்றிக் கொழுப்பு இல்லாமல் எண்ணெயில் வதக்கச் சொல்லி இரண்டு பேர் கொப்பரைக்குக் காவல் நின்றார்கள். நான் தட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். மீன் ஸ்தாமெனாவின் மூன்று வயசுக் கெண்டை.

எல்லோரும் பாதித் தட்டைக் காலி செய்த நேரத்தில் அவள் வந்து மேசையின் தலைமாட்டில் நின்றாள்.

"குழம்பு நல்லாருக்கா?"

"பாலிந்த் கை," என்றார் ஒருவர் வாயைத் துடைத்தபடி.

"இது நான் வளத்த மீன். முதல் கோடைல ரத்தம் தின்னு எலும்பும் சதையும் கட்டினது. கட்டலேன்னா அந்தக் குளிர்லயே செத்திருக்கும், இன்னிக்கு உங்க தட்டுக்கு வந்திருக்காது. யாருக்கு மனசு ஒப்பலையோ, கரண்டியக் கீழ வைங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

ஓரத்திலிருந்த ஒரு முதியவர் கரண்டியைக் கீழே வைத்தார். மற்றவர்கள் பாதிரியார் வேல்கோவைப் பார்த்தார்கள். அவர் ஒரு முள்ளை நிதானமாக வாயிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"சாமி, சொல்லுங்க. மீன் தின்ன தீனி நம்ம நோன்ப முறிக்குமா?" என்று கேட்டாள் ஸ்தாமெனா.

"நோன்பு நம்ம வாய்க்கு," என்றார் பாதிரியார். "மீன் வாய்க்கு விதி இருக்கறதா நான் எங்கயும் படிக்கல."

"சாமி, இது வேதம் இல்ல, வியாபாரம்," என்றார் ஒப்ராத்.

"அப்போ முத்திரைல 'வியாபாரம்'னு எழுதுங்க கூமே. கோயில் பேர எழுதாதீங்க," என்றாள் ஸ்தாமெனா.

மேசையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். ஒப்ராத்தின் முகம் மிளகாய்த்தூள் நிறத்துக்கு வந்தது. குத்தகை தொடரலாம் என்பவர்களைக் கையைத் தூக்கச் சொன்னார். பாதிரியாரும் இன்னும் சிலரும் அவள் பக்கம் தூக்கினார்கள். போதவில்லை.

"திராட்சை அறுப்புக்குள்ள காலி பண்ணிடு கூமோ," என்றார் ஒப்ராத், அவளைப் பார்க்காமல்.

"மீனு என்னோடது. தண்ணி உங்களோடது. தண்ணிய நல்லா பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் நேராகக் கொப்பரைக்கு வந்தாள். "பாலிந்த், உன் செங்கல் சூளைப் பள்ளத்துல எவ்வளவு ஆழம் தண்ணி இருக்கு?"

அப்பா கரண்டியோடு திரும்பினார். "நடுவுல ஆள் முங்கும். ஓரத்துல முழங்கால். அங்க தவளைதான் குடியிருக்கு. ஒண்ணு சொல்லிடறேன், நாங்க வெள்ளிக்கிழமை மட்டும்தான் கறி தின்ன மாட்டோம்."

"குஞ்சுங்க கிட்ட சொல்லிடறேன்."

பெரிய கெண்டைகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். குஞ்சுகள் மட்டும் மிஞ்சின. அவைதான் அவளுடைய அடுத்த மூன்று வருஷம். அந்த வெயிலில் குஞ்சுகளை மாற்றுவது ஆபத்து என்று அவளுக்கே தெரியும். வயிறு நிறைந்த மீனைப் பீப்பாயில் ஏற்றினால் வழியிலேயே தண்ணீரைக் கெடுத்து மூச்சடைத்துச் செத்துவிடும். ஆகவே முந்தின நாள் தீனியே போடவில்லை. அதைக் கேள்விப்பட்ட ரொட்டிக்கடைக்காரி குளக்கரைக்கே வந்துவிட்டாள்.

"கடைசில உன் குஞ்சுங்களும் நோன்பு இருக்குதே ஸ்தாமெனா!"

"இருக்குதுங்க. ஒப்ராத்துக்காக இல்ல, டிராக்டருக்காக."

விடியற்காலைக் குளிரில் தண்ணீரை வடித்து, குஞ்சுகளை வலையில் ஒதுக்கி, பீப்பாய்களில் ஏற்றினோம். மானம் போகிறது என்றவன்தான் டிராக்டரை ஓட்டினான். பள்ளத்தில் இறக்கியபோது சில நூறு குஞ்சுகள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. ஸ்தாமெனா வாளியை எடுத்து அவற்றை அள்ளினாள். புதுத் தண்ணீரில் நாலு நாள் தீனிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் தட்டைத் தூக்கினால், நக்கியதுபோலக் காலி. அன்று அவள் சிகரெட்டைக் காதிலிருந்து எடுத்துப் பற்றவைத்தாள்.

அந்த இலையுதிர் காலம் முடியும்வரை குஞ்சுகளைச் சோளக் கதிர் போலக் கொழுக்க வைத்தாள். தினமும் பட்டப்பகலில், சாலையிலிருந்து தெரியும் கரையில் நின்றுதான் தீனி போட்டாள். பிறகு பள்ளம் உறைந்தது. மூச்சுக்காக அவளும் அப்பாவும் பனிக்கட்டியில் துளை போட்டார்கள். அந்த நிக்கோலா திருநாளுக்கு ஒப்ராத்தின் கடைக்காரர் வரவில்லை. முத்திரை குத்த மீன் இல்லை.

மார்ச்சில் பனி உருகியது. பள்ளத்தின் மேல் எதுவும் வெள்ளையாக மிதக்கவில்லை.

அடுத்த வாரம் ஒப்ராத் வந்தார், கூடவே குழுவில் இரண்டு பேர், டிராக்டரில் காலிப் பீப்பாய்கள். கோயில் குளத்தில் விட அவர்களுக்குக் குஞ்சு வேண்டும். சுற்று வட்டாரத்தில் குளிர் தாண்டிய குஞ்சு வேறு யாரிடமும் இல்லை. மற்ற குளத்துக்காரர்கள் எல்லோரும் அந்த வருஷம் வெறும் புண்ணாக்குதான் போட்டிருந்தார்கள், அவர்கள் குஞ்சுகள் குளிரில் செத்துப்போயின.

"நல்லாருக்கியா கூமோ?"

"நல்லாருக்கேன் கூமே. குஞ்சு வேணுமா?"

"வேணும்."

"தரேன். வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு கேள்வி கேப்பாங்க. நீங்களும் கேளுங்க."

ஒப்ராத்துக்குப் புரிந்தது. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்தார்.

"கேக்கலையே. பாலிந்த் வேற அங்க நிக்கறாரு, அவருக்குக் காது மந்தம்."

அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். அவர் கையைக் காதில் குவித்துக்கொண்டார்.

"என்ன தின்னு வளந்துச்சுன்னு கேட்டேன்!" என்று ஒப்ராத் கத்தினார்.

"சூரியகாந்தி, கோதுமைத் தவிடு, பன்றி ரத்தம்," என்றாள் ஸ்தாமெனா, அதே சத்தத்தில். "பள்ளத்துல இருந்த பூச்சி எல்லாம் கணக்குல இல்ல. எடுத்துக்கிறீங்களா?"

கூட வந்த இருவரும் தரையைப் பார்த்தார்கள். ஒப்ராத் டிராக்டரில் ஏறி, முதல் பீப்பாயைத் தானே உருட்டி இறக்கினார்.