கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு, ஐந்து லிட்டர் கேனுடன்

ஹம்பி, அந்தமான் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று நாற்பத்தைந்து கிலோமீட்டர் பஸ் பயணத்தைப் பற்றி எழுதுகிறானே, ஆளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆகத்தான் ஆயிற்று. போன வருடம் எனக்கு 'ஸ்மோல்டரிங் மைலோமா' என்று சொன்னார்கள். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை, ஆரம்ப நிலை. எலும்பு மஜ்ஜையில் ஒரு வகை செல் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறது. எலும்பையோ கிட்னியையோ இன்னும் தொடவில்லை. அதனால் இப்போதைக்கு மருந்து கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தத்தையும் சிறுநீரையும் அளந்து, இது கிளம்பப் போகிறதா, இப்படியே கிடக்குமா என்று கணிப்பார்கள்.

அதற்கான டாக்டரம்மா சென்னையிலிருந்து சிதம்பரத்துக்கு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருகிறார். ஜூலையில் அப்படி ஒரு சனிக்கிழமை போனேன். என்னைப் போலப் போகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

முதலில் கேன். ஆய்வகத்தில் சிறுநீர் பிடிக்க ஐந்து லிட்டர் கேன் ஒன்று கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போவதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு போவதையெல்லாம் ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஆறு மணியோடு கணக்கு முடிந்தது. கேன் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்றார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

"அத இதுக்குள்ள வச்சீங்க, நான் புவனகிரிக்குப் போயிடுவேன்" என்றாள் மனைவி. புவனகிரி அவள் பிறந்த ஊர். சொன்னால் செய்வாள்.

அங்கிருந்து அவள் தம்பி கலியமூர்த்தி வெள்ளிக்கிழமை காலையே துணைக்கு வந்தான். நான்கு மாடு வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவன். வரும்போதே துறைமுகத்தில் இறங்கி, மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தான். பெட்டி நூற்று ஐம்பது, ஐஸ் நாற்பது. கேன் அன்று முழுக்க அதற்குள்தான் இருந்தது. சனிக்கிழமை காலை நான் குளிக்கப் போகும்போது, கேனை மூடிப் பெட்டியில் புது ஐஸ் போடச் சொல்லிவிட்டுப் போனேன். தூக்கும்போது பெட்டி கனமாகத்தான் இருந்தது. ஐஸ் கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

7.25க்கு பஸ். டிக்கெட் ஆளுக்கு நாற்பது ரூபாய். கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"ஐஸ் பொட்டிக்கு லக்கேஜ் எடுங்க. என்னா மீனு?"

"மீன் இல்லைங்க."

"எறாவா?"

"இல்லைங்க. டாக்டருக்கு எடுத்துட்டுப் போறோம்."

"டாக்டருக்கா? அப்பப் பெரிய எறாவாத்தான் இருக்கும்" என்று சொல்லி இருபது ரூபாய்க்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டார்.

செம்மங்குப்பம் தாண்டும்போது கெமிக்கல் கம்பெனிப் பக்கத்து வாசனை வந்தது. தினமும் போகிறவர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் முன் சீட்டு அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பெட்டியையே பார்த்தார். "ஐஸு பத்தல போலருக்கு" என்றார். "ஜாஸ்தியாவே போட்டுருக்கேன்க்கா" என்று கலியமூர்த்தி ரோஷமாகப் பதில் சொன்னான். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

8.50க்கு சிதம்பரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ எண்பது ரூபாய். பெட்டியைப் பார்த்து ஆட்டோக்காரர் நூறு கேட்டார், நான் மசியவில்லை. 9.20க்கு ஆய்வகத்தில் கேனை ஒப்படைத்துவிட்டு, டாக்டரம்மா இரண்டு மணிக்குத்தான் என்றதால் கீழ வீதிப் பக்கம் சாப்பிடப் போனோம். சிதம்பரம் போய் இட்லிக்குக் கத்தரிக்காய்க் கொத்சு தொட்டுச் சாப்பிடாமல் வந்தால் அது பயணமே இல்லை. நான் ஆறு இட்லி சாப்பிட்டேன். பந்தியில் உட்கார்ந்தால் எழுந்திருக்காத கலியமூர்த்தி ஒரு இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்திருந்தான். பஸ் குலுக்கலில் வயிறு சரியில்லையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்கு டாக்டரம்மா காகிதங்களைப் பரப்பினார். ரத்தத்தைப் போன வாரமே கொடுத்திருந்தேன். "மூணு நம்பர் பார்ப்பேன்னு சொல்லியிருக்கேன்ல? அதுல ஒண்ணு கொஞ்சம் ஏறியிருக்கு. யூரின்லயும் ஏறியிருந்தா ட்ரீட்மெண்ட் ஆரம்பிக்கலாம். ஏறலைன்னா இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம். ஆனா..." என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

"எப்பவும் போலத்தான், மேடம்."

"மூணரை லிட்டர் இருக்கே! சரி, அது போகட்டும். கிரியேட்டினின்னு ஒண்ணு ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு இவ்வளவுதான் வெளியே போகும்னு கணக்கு. இதுல ரெண்டு ஆள் கணக்கு வருது."

நான் திரும்பிப் பார்த்தேன். கலியமூர்த்தி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்."

"நான்தான் மேடம்" என்றான். "நேத்துலேர்ந்து புடிச்சி வச்சி, காலையில மாமா குளிக்கப் போனப்ப என்னோடதையும் கொஞ்சம் ஊத்திட்டேன்."

"எதுக்கு?"

"எனக்கு ஒடம்புல ஒண்ணும் இல்ல மேடம், சுகருகூடக் கெடையாது. சொசைட்டில அளக்குறப்ப பசும்பாலு டிகிரி கொறைஞ்சா எருமப்பாலு கொஞ்சம் கலந்து சரி பண்ணுவோம். அதாட்டம் நல்லதக் கலந்தா மாமாவுக்கு ரீடிங்கு நல்லா வரும்னு..."

டாக்டரம்மா கம்ப்யூட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மறுபடி எங்கள் பக்கம் திரும்பியபோது முகம் டாக்டர் முகமாகிவிட்டது. "ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு புரோட்டீன் போகுதுன்னுதான் பார்ப்போம். எவ்வளவு ஊத்தினாலும் அவரோடது குறையாது. உங்களோடதும் சேர்ந்து ஏறத்தான் செய்யும்."

கலியமூர்த்திக்கு முகம் செத்துவிட்டது. "ஐயையோ, நானே மாமாவுக்கு ஏத்தி வுட்டுட்டனா?"

ஏற்றிவிடவில்லை, பரிசோதனை செல்லாது, அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்துப் புதுக் கேனோடு வரச் சொன்னார். மருந்தா, காத்திருப்பா என்று தெரியாமல் அந்த இரண்டு வாரம்! பஸ் ஸ்டாண்டில் வைத்து அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பட்டாணிக்காரர் வியாபாரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "போன வருசம் டாக்டரம்மா சொன்னப்ப நீங்க தலைய தலைய ஆட்டுனீங்க. ஒரு கேள்வி கேக்கல. ஊட்டுக்கு வந்து அந்தமான் போட்டோ காட்டுனீங்க. எனக்குத்தான் மாமா தூக்கமே வரல."



இரண்டாம் தடவையும் அதே பெட்டி, அதே 7.25, அதே கலியமூர்த்தி. கேனை மனைவியே கண்காணித்தாள். ஃப்ரிட்ஜில் மட்டும் கடைசிவரை விடவில்லை. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். "யூரின் ஏறல. மூணு மாசம் முன்னாடி இருந்த மாதிரியேதான். இன்னும் மூணு மாசம் பார்க்கலாம்."

கலியமூர்த்தி எழுந்து நின்றுவிட்டான். "மேடம், இது வருமா வராதா, ஒரே வார்த்தையில சொல்லிடுங்க."

"சிலருக்கு சீக்கிரம் வரும். சிலருக்கு வருஷக்கணக்கா வராமலே இருக்கும். நம்பரை வச்சு வாய்ப்பு ஜாஸ்தியா கம்மியான்னு சொல்வேன். இவருக்கு எந்த வருஷம்னு சொல்ல என்னால முடியாது. தெரிஞ்ச மாதிரி பேசவும் மாட்டேன்."

வெளியே டோக்கன் கூட்டத்துக்கு நடுவே அவன் கேட்டான்: "மாமா, பயமாருக்கா?"

"இருக்குடா. ரொம்ப இருக்கு" என்றேன். ஒரு வருடத்தில் இன்னொரு ஆளிடம் அதைச் சொன்னது அன்றுதான். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். டோக்கன் கூப்பிட்டுப் போனவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

போகிறவர்களுக்கு: ஆளுக்குப் போக வர பஸ் எண்பது, பெட்டிக்கு நாற்பது. ஆட்டோ போக வர நூற்று அறுபது. ஒன்பதரைக்குள் கேனைக் கொடுத்துவிட்டால் அன்றே டாக்டரைப் பார்க்கலாம். பெட்டிமேல் 'மருந்து' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பயமாக இருந்தால் கூட வருகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நாம் சொல்லாமல் இருந்தால் அவர்கள் நம் பயத்தையும் சேர்த்துப் பட்டு, தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்துவிடுவார்கள்.