ரூவிக்குப் போன வெட்டுண்ட தலை

1996 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, விடிந்தும் விடியாமலும் அபுதாபி முசஃபாவிலிருந்து கிளம்பினோம். லாரியில் இரண்டு உருப்படிகள். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வீரன். சாக்கில் சுற்றிய ஒரு பெண்ணின் தலை, அதில் முடிக்குப் பதில் பாம்புகள். இரண்டும் எங்கள் பட்டறையில் நான் பைபரில் செய்தவை. மஸ்கட்டின் ரூவியில் புதிதாகத் திறக்கப்போகும் ஓட்டல் வாசலில் வீரனை நிறுத்தி, அவன் கையில் தலையைத் தொங்கவிட வேண்டும். படத்தைக் கொடுத்தார்கள், செய்தேன். யார் எவர் என்று கேட்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன், கேட்கக் கூச்சம்.

லாரி ஓட்டியவர் காஜா காக்கா. காயல்பட்டினம், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். நான் திருச்செந்தூர், கோபுரத்துச் சுதை வேலைக்காரன். காக்கா முன்பு கிரேக்கக் கப்பல் ஒன்றில் சமையல்காரராக இருந்தவர். நூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டி அல் ஐனில் சாயா குடிக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"பின்னால கிடக்கிறது யாருன்னு தெரியுமாவே? மெதூசா. எங்க கேப்டன் கதை கதையா சொல்லுவாரு."

அழகான பெண்ணாம். கோயிலுக்குள் வைத்து அவளைக் கெடுத்தவன் கடல்தெய்வம். அந்தக் கோயில் தெய்வம் சபித்ததோ அவளை. முடி பாம்பானது, அவள் பார்த்தவரெல்லாம் கல்லானார்கள். ஊரைவிட்டு ஒதுங்கி எங்கோ கிடந்தாள். அங்கேயும் அவள் தலையை எடுக்க ஒரு வீரன் போனான், பெர்சியஸ் என்று பெயர். வாள், கேடயம், பறக்கும் செருப்பு எல்லாம் இரவல். அவள் இருக்கும் இடம் தெரிந்த மூன்று கிழவிகளுக்குச் சேர்த்து ஒரே கண்தான். அதையும் பிடுங்கி வைத்துக்கொண்டு வழி கேட்டான்.

"அப்புறம் நேருக்கு நேர் சண்டையா?" என்றேன்.

"சண்டையா? அவ தூங்கிட்டுல்லா இருந்தா! கேடயத்துல நிழலைப் பார்த்துக்கிட்டே கழுத்தை வெட்டிட்டான். தலையைப் பையில போட்டுக்கிட்டு, எதிரி வந்தா எடுத்துக் காட்டுவானாம்."

"செத்த பிறகும் டூட்டியா?"

"ஓவர்டைம்வே!" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர்ச் சூரன் கடற்கரையில் முகம் மாற்றி மாற்றி, நின்று போரிடுவான். முடிவில் மயிலாகவும் சேவலாகவும் ஆவான். தூங்குகிற பெண்ணை வெட்டியவனுக்கா இவ்வளவு அகல மார்பு வைத்தேன் என்று என் கைமீதே ஆத்திரமாக இருந்தது.

புரைமி தாண்டினால் கருமலைகள். சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் சாக்கை விலக்கினார், பாம்புகளைப் பார்த்ததும் "யல்லா, யல்லா!" போ, போ என்று கையை உதறினார். சோஹாரில் பரோட்டா. இன்னும் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். சாயங்காலம் ரூவி.

மறுநாள் காலை இரண்டையும் மாட்டினோம். கண் வேலை மட்டும் பாக்கி. எங்கள் தொழிலில் கண்ணைக் கடைசியில்தான் திறப்போம். முதல் பார்வை மனிதர்மேல் விழாதபடி எதிரே கண்ணாடி வைப்போம். கொடுத்த படத்தில் அவளுக்குக் கண் மூடியிருந்தது. நான் தூரிகையை எடுத்து முதலில் அவளிடம் போனேன்.

"கண்ணாடி பிடிங்க காக்கா."

"உருவம் செய்யத்தான் எங்களுக்கு ஆகாது. கண்ணாடி பிடிக்கலாம்," என்று தம் சவரக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடி வைத்து அவன் அவளைக் கொன்றான். கண்ணாடி வைத்தே நான் அவளுக்குக் கண் கொடுத்தேன்.

பம்பாய்க்கார மேனேஜர் வந்தார். அண்ணாந்து பார்த்தவர் ஓரடி பின்வாங்கினார்.

"என்ன பாய் இது? செத்தவள் முறைக்கிறாள்! மூடு. இல்லாவிட்டால் உன் முதலாளிக்கு போன் போடுவேன், அடுத்த விமானத்தில் நீ ஊருக்கு."

முதலாளி எதிரே நிமிர்ந்து பேசியவனில்லை நான். ஆனாலும் வாயில் வந்துவிட்டது: "மாஃபி." முடியாது.

போனை நோக்கி நடந்தவரைக் காக்கா மறித்து இந்தியில் பேசினார். "சேட், புதுக் கடை. எதிர்ச்சாரியில் எத்தனை கண்! இவள் முழித்திருந்தால் உங்கள் கடைமேல் எவன் கண்ணும் படாது."

மேனேஜர் நின்றார். எதிர்ச்சாரிக் கடைகளை ஒருமுறை பார்த்தார். "அச்சா. அப்படியானால் இவன் கையில் எதற்கு? வாசலுக்கு மேலே மாட்டு."

மாட்டினேன். வீரன் வெறுங்கையை நீட்டிக்கொண்டு, டாக்ஸி கிடைக்காதவன்போல் நின்றான். அவனுக்கு அரைக் கண் எழுதியதோடு கலாஸ், முடிந்தது என்று தூரிகையைக் கழுவிவிட்டேன். மேனேஜர் கேட்கவில்லை.

முசஃபா திரும்பும் வழியில், ஜெயித்துவிட்ட மிதப்பில் காக்காவிடம் சொன்னேன்: "எங்க ஊர்னா அவளை மயிலாக்கி மரியாதை பண்ணியிருப்போம்."

காக்கா ஸ்டியரிங்கிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "மயிலுக்கு மட்டும் லீவாவே? முருகனைச் சுமக்குற வேலைதான. நீ இவளுக்கு வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்துட்டு வந்திருக்க."

அந்த வாசலில் அவள் ராப்பகலாக விழித்துக்கொண்டிருப்பாள். கெடுத்தவன் இன்னும் தெய்வம்தான். அவனுக்குக் கோயில் கட்டிய ஊர்கள் இருக்குமாம். அதை நினைத்தால் மலைகளெல்லாம் கடந்தும் என் கொதிப்பு அடங்கவில்லை.