மடு மண் வைத்த இடுப்புப் பை

பேசாலையில் கடலுக்குப் போகிறவர்களின் மனைவிமாரைக் கூப்பிட்டு, பங்கு மண்டபத்தில் ஒரு நாள் முதலுதவிப் பயிற்சி நடத்தினார்கள். ஆம்பிளைகளைக் கூப்பிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. பழக்க வந்த தாதி ஒரு சின்னப் பையைத் தூக்கிக் காட்டினார்.

"இது போட்டில கிடந்தால் வெறும் சாமான். இடுப்பில இருந்தால்தான் உதவி."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துக்கொண்டது. பழைய மழைக்கோட்டை வெட்டி, கிழிந்த லைஃப் ஜாக்கெட்டின் கொளுக்கியைக் கழற்றிப் பொருத்தி, ஒரு கிழமை தையல் மெஷினோடு மல்லுக்கட்டினேன். உள்ளே விசில், வெயிலில் மினுக்கிக் காட்ட ஒரு கண்ணாடித் துண்டு, நனையாமல் பலூனுக்குள் போட்டு முடிச்சுப் போட்ட லைட்டர், பிளேட், காயத்துணி. இரத்தம் நிற்காவிட்டால் கையையோ காலையோ இறுக்குவதற்கு அகலமான நாடா, அதை முறுக்க ஒரு சின்னத் தடி. எல்லாம் சேர்ந்து ஒரு இறாத்தல் பாணின் பாரம்கூட இல்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மடு மாதா கோயில் மண் வீட்டில் இருந்தது. பாம்புக்கடிக்கு, விஷத்துக்கு என்று எங்கள் பக்கத்தில் அநேகமாக எல்லார் வீட்டிலும் ஒரு பொட்டலம் இருக்கும். கடலிலும் விஷமீன் குத்தும்தானே என்று, ஒரு சிட்டிகையைப் பொலித்தீனில் சுற்றிப் பைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன்.

என் கணவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண் இருப்பதைச் சொன்னதும் முகம் மாறியது.

"மாதா கோயில் மண்ணை அரையில கட்டிக்கொண்டு, போட் ஓரத்தில நிண்டு ஒண்டுக்குப் போகச் சொல்லுறீரோ?"

"அவ கண்ணை மூடிக்கொள்ளுவா."

அவர் சிரிக்கவில்லை. "மண்ணை எடும். இப்பவே கட்டிக்கொண்டு போறன்."

நாலு தையலைப் பிரிக்கிற வேலை. நான் பிரிக்கவில்லை. எடுத்த பிறகு ஏதும் நடந்துவிட்டால் என்ற பயம். அதைவிட வீம்பு. "வைச்சதை எடுக்கேலாது" என்றேன். மூன்று நாள் அது போட்டில் தொங்கியது. மீன் செதிலும் அழுக்கும் படுகிறதென்று அவர் திருப்பிக் கொண்டுவந்து, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்தார். நான் அதற்கும் சேர்த்து மெழுகுதிரி கொளுத்தினேன். அவ்வளவுதான் என் புத்தி.

ஒருநாள் காலையில் வலை கடலுக்கடியில் பார்க்கல்லில் சிக்கிவிட்டது. அதைக் கழற்ற இறங்கிய என் கணவரின் தொடையில் திருக்கை முள் ஆழமாக ஏறியது. கூடப்போன அவருடைய தம்பி தன் சாரத்தைக் கழற்றிக் கட்டியிருக்கிறான். நனைந்த சாரத்தில் முடிச்சு நிற்கவில்லை. ஒரு கையால் காயத்தை அமத்திக்கொண்டு மறுகையால் இஞ்சினைப் பிடித்துக் கரைக்கு வந்தான். போட்டுக்குள் தேங்கியிருந்த சிவப்புத் தண்ணீரை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் போய்விட்டது.

"நல்லா இறுக்கிக் கட்டியிருந்தால் கொண்டுவந்து சேர்த்திருக்கலாம்" என்றார் டொக்டர். தம்பி தலையைக் குனிந்தான். குனிய வேண்டியது அவனில்லை. நாடாவை எங்கே கட்டுவது, தடியை எப்படி முறுக்குவது என்றெல்லாம் படித்த நான் பக்கத்தில்தான் நின்றேன்.

செத்தவீட்டுக்கு வந்த பங்குச் சுவாமி என் தலையில் கை வைத்தார்.

"ஆண்டவருடைய சித்தம், பிள்ளை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இல்லை சுவாமி. மனிசன் மண்ணை எடுக்கச் சொன்னவர். நான்தான் மாட்டன் எண்டனான்" என்றேன், வீடு முழுக்கக் கேட்க.

அவருக்கு என்ன விளங்கியதோ, என் நெற்றியில் சிலுவை வரைந்தார். "ஆண்டவர் மன்னிப்பார்" என்றார்.

என்னை மன்னிக்க வேண்டிய மனிதர் நடுவீட்டில் பெட்டிக்குள் கிடந்தார்.